சின்ன பார்ட்டுக்கு ஸ்லைடிங் ஹெட்டா, டர்ன்-மில்லா? ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

பிறை_பட்டறை:

வணக்கம். பினாங்கு புக்கிட் மின்யாக்கில் அண்ணனும் நானும் சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறோம். இரண்டு ஆக்சிஸ் சி.என்.சி. லேத் இரண்டு, வி.எம்.சி. (செங்குத்து மில்லிங் மெஷின்) ஒன்று, அவ்வளவுதான். பத்து காவானில் மருத்துவக் கருவி செய்கிற ஒரு கம்பெனிக்கு ஒரு பார்ட் செய்து கொடுக்கிறோம். 316எல் ஸ்டெயின்லெஸ், 8 மி.மீ. விட்டம், 52 மி.மீ. நீளம், ஒரு முனையில் எம்5 மரை, நடுவில் ஒரு ஃபிளாட் (தட்டையாக வெட்டிய பகுதி), அதில் குறுக்கே 1.2 மி.மீ. துளை இரண்டு, மறுமுனையில் 1 மி.மீ. அகலத்தில் ஸ்லாட் (காடி). ஒரே ஒரு விட்டத்துக்கு மட்டும் கூட்டல் கழித்தல் 5 மைக்ரான் கேட்கிறார்கள், மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான்.

இப்போது லேத்தில் ஒரு பக்கம் கடைந்து, திருப்பிப் பிடித்து மறுபக்கம் கடைந்து, அப்புறம் வி.எம்.சி.யில் பிக்சரில் மாட்டித் துளையும் ஸ்லாட்டும் போடுகிறோம். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் மையம் விலகுகிறது, ஃபிளாட்டுக்கும் ஸ்லாட்டுக்கும் கோணம் சேரமாட்டேன் என்கிறது, கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்து பிசிறு எடுக்க வேண்டியிருக்கிறது. மாதம் 4000 கேட்கிறார்கள். இப்படியே போனால் முடியாது.

இன்னொரு பார்ட்டும் வரப்போகிறது. அலுமினியம் 6061, 28 மி.மீ. விட்டம், 20 மி.மீ. நீளம், பக்கவாட்டில் மூன்று துளை, முகப்பில் ஒரு பாக்கெட். ஒரு டீலர் 20 மி.மீ. ஸ்லைடிங் ஹெட் (கம்பியே நகர்ந்து வெட்டுக்கு வரும் லேத்) எடுங்கள் என்கிறார். இன்னொருவர் பி-ஆக்சிஸ் (டூல் தலையைச் சாய்க்கும் வசதி) உள்ள டர்ன்-மில், அதாவது கடைசலும் மில்லிங்கும் சேர்ந்த மெஷின் எடுத்தால் இரண்டையும் ஒரே மெஷினில் முடிக்கலாம் என்கிறார். பேங்க் லோன் ஒரு மெஷினுக்குத்தான் கிடைக்கும். எது சரி?

கைடுபுஷ்:

தம்பி, ஆக்சிஸ் எத்தனை என்று எண்ணுவதற்கு முன்னால் நீளத்தை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். உங்கள் ஸ்டெயின்லெஸ் பார்ட்டுக்கு 52-ஐ 8-ஆல் வகுத்தால் ஆறரை. மூன்று, நான்கைத் தாண்டினாலே சக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி டூல் படும்போது வளையும், அதிரும். அதில் 5 மைக்ரான் பிடிப்பது பெரிய போராட்டம். ஸ்லைடிங் ஹெட்டில் டூல் நின்ற இடத்தில் நிற்க, பார்தான் (கடையும் கம்பிதான்) அதைத் தாங்கிப் பிடிக்கும் கைடு புஷ் என்ற வளையம் வழியாக முன்னும் பின்னும் நகரும். வெட்டு நடக்கும் இடம் எப்போதும் புஷ்ஷிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. தூரத்தில்தான் இருக்கும், அதனால் 52 நீளமும் ஒன்றுதான், 150 நீளமும் ஒன்றுதான். சுவிட்சர்லாந்தில் கடிகார ஸ்க்ரூ கடைவதற்காகப் பிறந்த முறை இது. உங்கள் முதல் பார்ட் அதற்காகவே வரைந்த மாதிரி இருக்கிறது.

சிட்டிசன் எல்20, ஸ்டார் எஸ்ஆர்-20, சுகாமியில் அதே அளவு, எதை எடுத்தாலும் இந்த வேலை நடக்கும். பிராண்டுக்காகச் சண்டை வேண்டாம். பழுதானால் பினாங்குக்கு மறுநாளே ஆள் வருமா, ஸ்பேர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் டீலர் தானாகச் சொல்லாத செலவுகள் உண்டு. முதலாவது, மெஷினில் போடும் பார். கைடு புஷ்ஷில் ஓட கிரைண்ட் செய்த பார் வேண்டும், விட்டம் பாருக்குப் பார் மாறக் கூடாது. சாதாரண கோல்ட் டிரான் பாரில் 5 மைக்ரான் எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது மிச்சத் துண்டு. கைடு புஷ் போட்டு ஓட்டினால் ஒவ்வொரு பாரிலும் கடைசி 200 மி.மீ. அளவு வீணாகும். 3 மீட்டர் பாரில், பார்ட்டுக்குக் கட்டிங்கோடு சேர்த்து 54.5 மி.மீ. வைத்தால், 51 பீஸ்தான் வரும். மாதம் 4000 என்றால் 79 பார், கிட்டத்தட்ட 16 மீட்டர் துண்டாகவே போகும். இதைக் கொட்டேஷனில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் அந்த 1 மி.மீ. ஸ்லாட். இதைத்தான் நன்றாக யோசிக்க வேண்டும். இந்த மெஷின்களில் லைவ் டூல் (தானே சுற்றி வெட்டும் டூல்) சாதாரணமாக 6000 சுற்று அளவில்தான் ஓடும். 1 மி.மீ. எண்ட்மில் 6000 சுற்றில் ஓடினால் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 19 மீட்டர்கூட வராது. ஸ்டெயின்லெஸ்ஸில் 60 மீட்டர் வேண்டுமென்றால் 19,000 சுற்று தேவை. வேகம் குறைந்தால் ஃபீடையும் குறைக்க வேண்டும், அந்த ஒரு ஸ்லாட்டே சைக்கிள் டைமைத் தின்றுவிடும், கட்டரும் உடையும், பிசிறும் அதிகம். என்எஸ்கே நாக்கனிஷி மாதிரியானவர்கள் செய்யும் அதிவேக ஸ்பிண்டிலை மாட்ட இடம் இருக்கிறதா, அதற்கான வயரிங் மெஷினோடு வருமா என்று ஆர்டருக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். 1.2 துளைக்குப் பிரச்சினை இல்லை, 6000 சுற்றே போதும்.

ஷாஆலம்_டர்ன்மில்:

கைடுபுஷ் அண்ணன் சொன்னது ஸ்டெயின்லெஸ் பார்ட்டுக்கு முழுக்கச் சரி. ஆனால் அலுமினிய பார்ட்டை அதில் போட முடியாது, 28 மி.மீ. பார் 20 மி.மீ. மெஷினுக்குள் போகாது. 32 மி.மீ. ஸ்லைடிங் ஹெட் இருக்கிறது, ஆனால் 28-க்கு 20 நீளமுள்ள பார்ட்டுக்குக் கைடு புஷ்ஷே தேவையில்லை. அதற்கு நிலையான ஹெட் உள்ள மெஷின்தான், மியானோ பிஎன்ஏ மாதிரி 42 மி.மீ. பார் போகிற, சப் ஸ்பிண்டில் (பீஸின் மறுபக்கத்தைச் செய்ய அதை வாங்கிப் பிடிக்கும் இரண்டாவது ஸ்பிண்டில்), ஒய்-ஆக்சிஸ் (டூல் மையத்திலிருந்து விலகி நகரும் வசதி) உள்ளது. சாதாரண பார் போதும், மிச்சத் துண்டும் குறைவு.

பி-ஆக்சிஸ் பற்றி. எங்களிடம் பி-ஆக்சிஸ் உள்ள டர்ன்-மில் ஓடுகிறது, அருமையான மெஷின், மில்லிங் ஸ்பிண்டில் 12,000 சுற்று, டூல் மேகசின் இருப்பதால் புது ஜாப் ஏற்றுவது சுலபம். சின்ன எண்ணிக்கையில் விதவிதமான வேலை வந்தால் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒவ்வொரு டூல் மாற்றத்துக்கும் சில வினாடி போகும், மேலே ஒரே ஒரு டூல் ஸ்பிண்டில் என்றால் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். மாதம் 4000 பீஸ் ஒரே பார்ட் என்றால் அந்த வினாடிகள் எல்லாம் கூடிவிடும். ஸ்லைடிங் ஹெட்டில் கேங் டூல், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், அரை வினாடியில் அடுத்தது. முன்பக்கம் ஒரு பீஸ் கடையும்போதே சப் ஸ்பிண்டிலில் முந்தைய பீஸின் பின்பக்க வேலை நடக்கும்.

உங்கள் டிராயிங்கில் 90 டிகிரி இல்லாத சாய்வுத் துளை ஏதாவது இருக்கிறதா? நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இல்லை. அப்படியென்றால் பி-ஆக்சிஸுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஒய்-ஆக்சிஸும் இரண்டு ஸ்பிண்டிலிலும் சி-ஆக்சிஸும் (ஸ்பிண்டிலைக் கேட்ட கோணத்தில் நிறுத்தும் வசதி) கட்டாயம் வேண்டும். ஃபிளாட்டுக்கும் ஸ்லாட்டுக்கும் கோணம் சேர வேண்டும் என்றால் இரண்டு ஸ்பிண்டிலும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே பீஸை கைமாற்ற வேண்டும், அதை டெஸ்ட் கட்டில் கண்ணால் பாருங்கள்.

அளவுகோல்:

நான் பாயான் லெப்பாஸில் கியூ.சி. (தரச் சோதனை) பக்கம். ஒரே ஒரு விஷயம். நம் ஊர் சூட்டில் பட்டறை மதியம் 33 டிகிரிக்கு மேல் போகும், கஸ்டமர் 20 டிகிரியில் அளப்பார். 316எல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 16 மைக்ரான் விரியும். 10 டிகிரி வித்தியாசத்துக்கு உங்கள் 52 மி.மீ. நீளத்தில் 8 மைக்ரான் மாறும், 8 மி.மீ. விட்டத்தில் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல். அதனால் விட்டத்தில் உண்மையான தொல்லை பீஸ் விரிவது அல்ல, காலையில் ஸ்விட்ச் போட்டதிலிருந்து மெஷினே சூடாகி நகர்வது. சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினாலும் அளவு தள்ளிப்போகும். ஏர்கான் போட்ட அறையில் மெஷினை வைக்க முடிந்தால் வையுங்கள், ஆயிலுக்குச் சில்லர் போடுங்கள். பிசிறு எடுக்கிற ஆளைப் பற்றிச் சொன்னீர்கள், ஐயோ, அது எனக்கு நன்றாகத் தெரியும். குறுக்குத் துளை மறுபக்கம் வெளியே வருகிற இடத்தில்தான் பிசிறு நிற்கும், துளை போட்டபின் அந்த வெளிவிட்டத்தில் டூலை இன்னொரு முறை ஓட்டச் சொல்லுங்கள், பாதி வேலை மெஷினிலேயே முடியும்.

பிறை_பட்டறை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு 20 மி.மீ. ஸ்லைடிங் ஹெட், அலுமினியத்தை இப்போதைக்குப் பழைய லேத்திலும் வி.எம்.சி.யிலும் ஓட்டலாம் என்று அண்ணன் சொல்கிறார், எனக்கும் அதுதான் படுகிறது. இரண்டு கேள்வி. ராத்திரி ஆளில்லாமல் ஓட்ட முடியுமா? யூஸ்டு மெஷின் ஜப்பானிலிருந்து வருகிறது என்கிறார்கள், எடுக்கலாமா?

கைடுபுஷ்:

முதலில் ராத்திரி. சைக்கிள் இரண்டரை நிமிடம் வந்தால் 4000 பீஸுக்கு 167 மணி நேரம் ஆகும், பகல் ஷிஃப்டிலேயே காகிதத்தில் அடங்கும். ஆனால் டூல் மாற்றம், செட்டிங், பார் தட்டுப்பாடு எல்லாம் சேர்த்தால் மாலையில் இன்னும் சில மணி நேரம் தேவைப்படும். 316எல்லின் பிரச்சினை சுருள். நீளமாக வந்து டூலிலும் சப் ஸ்பிண்டில் வாயிலும் சுற்றிக்கொள்ளும், அடுத்த பீஸைப் பிடிக்கும்போது அந்தச் சுருள் காலெட்டுக்குள் (பீஸைப் பிடிக்கும் வாய்க்குள்) மாட்டினால் அதோடு அன்றைய ராத்திரி முடிந்தது. சிட்டிசனில் எல்.எஃப்.வி. என்று ஒன்று உண்டு, டூலை ஆட்டி ஆட்டி வெட்டிச் சுருளைத் துண்டாக்கும், கொஞ்சம் வேகம் குறையும் ஆனால் ஆளில்லாமல் ஓட்டுவதற்கு அது பெரிய நிம்மதி. இல்லாவிட்டால் உயர் அழுத்தக் கூலன்ட் பம்ப், அழுத்தம் 70 பார் அளவில்.

தண்ணீர் கலக்காத கட்டிங் ஆயிலில் ஸ்டெயின்லெஸ் வெட்டுகிறீர்கள், டூல் மழுங்கினால் தீப்பிடிக்கும். மெஷினுக்குள்ளேயே தானாக அணைக்கும் தீயணைப்புக் கருவி இல்லாமல் ராத்திரி ஓட்டவே கூடாது, அதில் பேரம் பேசாதீர்கள். பொம்பா (தீயணைப்புத் துறை), இன்சூரன்ஸ் இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஜப்பான் மெஷின் 200 வோல்ட், நம் ஊர் மூன்று ஃபேஸ் 400, டிரான்ஸ்பார்மர் விலையில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

யூஸ்டு எடுப்பதைப் பற்றி, உங்கள் பட்டறையில் ஸ்லைடிங் ஹெட் ஓட்டிப் பழகிய ஆள் இல்லை என்றால் முதல் மெஷினை யூஸ்டு எடுக்காதீர்கள். திரை முழுக்க ஜப்பான் மொழியில் இருக்கும், பேக்கப் இருக்காது, ஏதாவது நின்றால் யாரைக் கூப்பிடுவது? புது மெஷினோடு வரும் டிரெய்னிங்கில் நீங்களும் அண்ணனும் இருவருமே உட்காருங்கள். ஒருவரை மட்டும் அனுப்பிப் பழக்கிவிட்டு, அந்த ஆள் சிங்கப்பூருக்குப் போனதும் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிற பட்டறைகள் பிறையிலேயே உண்டு. சி.என்.சி. அடிப்படை தெரிந்த பையன்கள் வேண்டுமென்றால் பினாங்குத் தொழில்திறன் மையமான பி.எஸ்.டி.சி.யில் கேட்டுப் பாருங்கள், இரண்டு ஸ்பிண்டிலையும் ஒரே நேரத்தில் ஓட்டும் இரண்டு சேனல் புரோகிராம் நீங்களே பழக்கிக்கொள்ளலாம்.

டெஸ்ட் கட்டுக்கு டீலரின் பாரை ஏற்காதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே 316எல் பாரைக் கொண்டுபோய்க் கொடுங்கள், ஒரு முழு பார் ஆஃப்செட்டை (அளவுத் திருத்தத்தை) தொடாமல் ஓடட்டும், ஐந்தில் ஒரு பீஸை வரிசையாக எடுத்து வைத்து நீங்களே அளங்கள். ஷோரூமில் பளபளவென்று ஒரு பீஸ் காட்டினால் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பாரை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.