பாண்டியில் ஃபுல் டேங்க் போட்டால் தவளக்குப்பத்தில் வண்டி நிற்கிறது, பாதி டேங்கில் நிற்பதில்லை: ஏன்?

மஞ்சக்குப்பம்150:

150 சிசி, 2013 மாடல், கார்புரேட்டர் வண்டி. கையால் திருப்புகிற பெட்ரோல் காக். டேங்க் 15 லிட்டர், மூடி டேங்கோடு மட்டமாக உட்காரும் ரகம்.

பாண்டியில் பெட்ரோல் விலை குறைவு என்பதால், கடலூர்க்காரர்கள் பலரும் செய்வதுபோல மாலையில் திரும்பும்போது முதலியார்பேட்டைப் பக்கம் ஃபுல் டேங்க் போடுவது வழக்கம். 55, 60இல் வந்தால் தவளக்குப்பம் நெருங்கும்போது மிஸ்ஸிங் ஆரம்பிக்கும். ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க இழுவை குறையும், அப்புறம் அணைந்துவிடும். ஐந்து நிமிடம் விட்டால் ஒரே செல்ஃபில் பிடிக்கும். கிருமாம்பாக்கம் தாண்டி மறுபடி அதே கதை. டேங்க் பாதியில் இருக்கும்போது கடலூரிலிருந்து பாண்டி வரை நிற்காமல் போகிறது. ஊருக்குள் ஓட்டினால் ஒரு தொல்லையும் இல்லை.

பிளக் புதுசு, ஏர் ஃபில்டர் புதுசு, கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். பங்க் பெட்ரோலில் தண்ணீர் என்கிறார் இன்னொருவர். காசு செலவழிக்குமுன் நானே எதையெதைப் பார்க்கலாம்?

அரியாங்குப்பம் பட்டறை:

கார்புரேட்டரை மாத்தாதீங்க தம்பி. ஃபுல் டேங்க்ல மட்டும் நிக்குதுன்னு நீங்களே விடையைச் சொல்லிட்டீங்க. டேங்க் மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்கு.

பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்கு மேலே இருந்து காத்து வரணும். வரலைன்னா உள்ளே வெற்றிடம் உருவாகி பெட்ரோலை மேலேயே பிடிச்சு வச்சுக்கும். உங்க வண்டியில பம்ப் கிடையாது. டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்கிற ஓரடி உயரம்தான் பெட்ரோலைத் தள்ளுது. டேங்குக்குள்ள அழுத்தம் 2 சதவீதம், 3 சதவீதம் குறைஞ்சாலே அந்தத் தள்ளல் போயிடும்.

ஃபுல் டேங்க்ல மேலே காத்துக்கு இருக்கிற இடம் கால் லிட்டர், அரை லிட்டர்தான். அதுல 10, 15 மில்லி பெட்ரோல் இறங்கினாலே 3 சதவீதம் ஆச்சு. பாதி டேங்க்ல 7 லிட்டர் காத்து இருக்கு, 200 மில்லி இறங்கினாத்தான் அந்த நிலை வரும். ஓட்டை முழுசா அடைக்காம லேசாக் கசிஞ்சா பாதி டேங்க்ல ஊர் போய்ச் சேர்ந்துடலாம். ஊருக்குள்ள நின்னு நின்னு போறதால அந்தக் கசிவே போதும்.

சாயந்திரம் வர்றதும் ஒரு காரணம். பகல்ல வெயில் பட்ட டேங்க்ல பெட்ரோல் ஆவி அழுத்தம் கொடுக்கும், அது இந்தக் கோளாறை மறைச்சுடும்.

அடுத்த தடவை திணற ஆரம்பிச்ச உடனே ஓரங்கட்டி மூடியைத் திறங்க. 'உஸ்'ஸுன்னு காத்து உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டா வேற எதையும் தேட வேண்டாம்.

கெடிலக்கரை:

மேலே சொன்னதுதான் முதல் சந்தேகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். இது பெட்ரோல் வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், திறந்த வெளி வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

கார்புரேட்டரில் செருகியிருக்கும் டியூபைக் கழற்றி, அளவுக்கோடு போட்ட ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். முதலில் மூடியைத் திறந்து வைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். அடுத்து மூடியைப் பூட்டிவிட்டு மூன்று நிமிடம். 45 கிலோமீட்டர் மைலேஜ் தரும் வண்டி 60இல் போனால் மணிக்கு 1.3 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 22 மில்லி குடிக்கும். மூடி திறந்திருக்கும்போது நிமிடத்துக்கு 150 மில்லிக்கு மேல் வந்தால் காக், அதன் வடிகட்டி வலை, டியூப் எல்லாம் சரி. பூட்டிய பிறகு தாரை மெலிந்து சொட்டாக மாறினால் மூடிதான். திறந்தபோதே மெலிவாக வந்தால் மூடியை விட்டுவிட்டுக் கீழே தேடுங்கள்.

கீழே என்றால் முதலில் டியூபில் இடையில் மாட்டிய ஃபில்டர். பம்ப் வைத்த வண்டிக்கான நெருக்கமான ஃபில்டரைச் சிலர் இதில் மாட்டிவிடுகிறார்கள். வெறும் உயரத்தை நம்பி இறங்கும் பெட்ரோல் அதில் தத்தளிக்கும். டியூபும் ஒரே சரிவில் இறங்க வேண்டும். நீளமாக வெட்டி வளைத்துவிட்டால் மேடான இடத்தில் காற்று தங்கிவிடும். ரிசர்வில் வைத்தால் நன்றாகவும் மெயினில் வைத்தால் மோசமாகவும் வந்தால் காக்கின் மெயின் வழி அடைப்பு.

இன்னொன்று, பலர் பார்க்காதது: கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பவுலுக்கும் காற்று போக ஒரு மெல்லிய குழாய் உண்டு. அதன் நுனியில் சேறோ குளவிக்கூடோ இருந்தாலும் இதே மாதிரி நிற்கும்.

இது இக்னிஷன் கோளாறா என்ற சந்தேகமும் தீர வேண்டும். பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயிலோ, அதை இயக்கும் சிடிஐ பெட்டியோ சூடாகி விட்டுப்போனால் சாவியைத் திருப்பியதுபோல் பட்டென்று அணையும். பெட்ரோல் வராவிட்டால் பவுலில் மிச்சமிருக்கும் ஒரு நிமிட ஓட்டத்துப் பெட்ரோல் தீரும்வரை திணறித் திணறித்தான் அணையும். திணறும்போது சோக்கைப் பாதி இழுங்கள். சில நொடி தேறினால் பெட்ரோல் பற்றாக்குறை. இன்னும் மோசமானால் அதிகப் பெட்ரோல்.

வில்லியனூர் வாசி:

தண்ணீர் சந்தேகத்துக்கு என் பதில்: வாய்ப்பு குறைவு. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், டேங்க் அடியிலும் பவுல் அடியிலும் போய்த் தங்கும். அது பவுலிலிருந்து பெட்ரோல் ஏறும் சிறு துளையான ஜெட்டில் ஏறினால் ஐந்து நிமிட ஓய்வில் தானாகச் சரியாகாது. டேங்க் குறையும்போதும் தொல்லை தர வேண்டும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது.

சோதிப்பது சுலபம். பவுலின் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, காக்கைத் திறந்து 50 மில்லி கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் முத்து முத்தாகவோ தனி அடுக்காகவோ நின்றால் தண்ணீர். இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். கொஞ்சம் ஈரத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். அந்த அடுக்கை ஓட்டித் தீர்க்க நினைக்காதீர்கள், டேங்கைக் கழற்றிக் கொட்ட வேண்டியதுதான். செம்மண் நிறத்தில் தூள் வந்தால் டேங்க் துரு. கடற்காற்று ஊர், 2013 வண்டி, எதிர்பார்க்க வேண்டியதே.

பங்கில் ஃபில்டர் பேப்பர் கேட்டு ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது நுகர்வோர் உரிமை. ஆனால் அது காட்டுவது மண்ணெண்ணெய், டீசல் போன்ற கலப்படக் கறையை. தண்ணீருக்கு அது சோதனை அல்ல.

மஞ்சக்குப்பம்150:

அளந்தேன். மூடி திறந்து ஒரு நிமிடத்தில் 240 மில்லி. பூட்டியதும் அரை நிமிடத்துக்குள் சொட்டு. திறந்ததும் 'உஸ்', தாரை திரும்பி வந்தது. பவுலில் தண்ணீர் இல்லை, தூள் இல்லை. மூடியில் சின்னதாக ஒரு துளை போட்டுவிடலாமா?

அரியாங்குப்பம் பட்டறை:

துளை மட்டும் போடாதீங்க. ஐப்பசி, கார்த்திகையில இங்கே பெய்யிற மழைக்கு அந்த வழியா தண்ணி நேரா டேங்குக்குள்ள போகும், வில்லியனூர் அண்ணன் சொன்ன வியாதி அப்புறம் நிஜமா வரும். பிரேக் போட்டா பெட்ரோலும் வெளியே தெறிக்கும்.

மூடியைச் சுத்தி இருக்கிற அலன் போல்ட்ல சிலது வெறும் அலங்காரம். சுத்தினா தளர்றதை மட்டும் எடுங்க. டேங்க் வாயில துணியை அடைச்சுக்கோங்க, ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தா பாதி நாள் போச்சு. மூடியைத் திருப்பினா அடிப்பக்கம் சின்ன ஸ்க்ரூக்கள்ல ஒரு தகடு பிடிச்சிருக்கும். அதுக்குள்ளே ஸ்பிரிங், சில மூடியில சின்ன குண்டு, ரப்பர் இருக்கும். கழட்டும்போதே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பாண்டி மூடிகள்ல மணலும் பச்சை உப்பும் சேர்ந்து கெட்டியாகி இருக்கும். பெட்ரோல்ல ஊறவச்சு, பழைய பல் பிரஷ்ல தேய்ச்சு, சைக்கிள் பம்பால ஊதுங்க. கம்பியை விட்டுக் குத்தினா வழி பெருசாகி மழைத் தண்ணி கசியும். ரப்பர் உப்பியிருந்தா மூடி செட்டாவே வாங்கிடுங்க, ரப்பர் தனியா கிடைக்கிறது அபூர்வம்.

மூடியைச் சுத்தி உள்ள பள்ளத்துல மழைத் தண்ணி வடிய தனியா ஒரு ஓட்டை இருக்கு, டேங்க் வழியா கீழே குழாய் போகும். காத்து ஓட்டை வேற, இது வேற. இது அடைச்சா பள்ளத்துல தேங்கின தண்ணி மூடியைத் திறக்கும்போது உள்ளே ஊத்தும். ஒரு டம்ளர் தண்ணியை ஊத்தி, மூடி பூட்டியிருக்கும்போது, வண்டிக்கு அடியில வடியுதான்னு பாருங்க.

மரப்பாலம் ரைடர்:

என்னுடையது பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டி, எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பம்ப் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் ரகம். இதே தொல்லை வருமா?

கெடிலக்கரை:

வரும், பாதை வேறு. பிஎஸ்6 வண்டியில் டேங்க் ஆவி ஒரு கரி டப்பா வழியாகப் போகிறது. டேங்க் கழுத்துவரை வழிய வழிய நிரப்பினால் பெட்ரோலே அந்த டப்பாவுக்குள் இறங்கிக் கரியைக் கெடுக்கும். அதன் குழாய் மடங்கினாலும் வெற்றிடம் உருவாகும். நாசில் முதல் தடவை தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். சாவி போட்டதும் இரண்டு மூன்று நொடி பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். அது கேட்காவிட்டாலோ இழுத்து இழுத்துக் கேட்டாலோ மூடியை விட்டு ஃபியூஸ், ரிலே, பம்ப் வலை என்று வரிசையாகப் பாருங்கள்.