வால்வு மாத்திரை போட ஆரம்பிச்சதும் முடி கொத்து கொத்தா போகுது, உங்களுக்கும் நடந்துச்சா?

மாயவரத்துப் பொண்ணு:
இதயத்துல மைட்ரல் வால்வு, மெட்டல் தான், மாத்தி ஏழு மாசம் ஆச்சு. சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சலோட வேலை, அந்தக் கதை இங்க பாதிப் பேருக்குத் தெரியும் விடுங்க. ரத்தம் உறையாம இருக்கத் தர்ற வார்ஃபரின் மாத்திரை போட்டு மூணாவது மாசம், அம்மா எண்ணெய் வச்சு பின்னிட்டிருந்தாங்க, சட்டுனு கை நின்னுடுச்சு. திரும்பிப் பாத்தா கையில சுருட்டின முடிய முந்தானைக்குள்ள ஒளிக்கிறாங்க. ஆபரேஷன் அன்னிக்குக்கூட அழாத மனுஷி, அடுப்படில போய் நின்னு குழாயத் திறந்து விட்டுட்டு அழுதாங்க. டாக்டர்கிட்ட கேட்டா, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்குற ஐஎன்ஆர் 2.8 நல்லா இருக்கு, உயிர் இருக்குல்லம்மான்னுட்டார். சரிதான், ஆனா இடுப்பு வரைக்கும் இருந்த பின்னல் எலிவால் ஆயிடுச்சு. எலி மருந்து சாப்பிட்டா எலிவால் தானேங்கிறான் என் தம்பி.

ரிட்டயர்டு வாத்தியார்:
எனக்குக் கால்ல ரத்தக்கட்டி, ஆறு மாசம் இதே மாத்திரை. எப்படியும் கொட்டுது, முருகனுக்கே குடுத்துருவோம்னு பேரனோட பழனில உக்காந்துட்டேன். காதுக்கு மேல சின்னக் கீறல். சந்தனம் பூசியும் நிக்கல, சந்தனத்தோட சேந்து செவப்பா கழுத்துல வழியுது. மொட்டை போட்டவர் கத்தியக் கீழ வச்சுட்டு, "ஐயா மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"ன்னார். துண்ட வச்சு அமுக்கிக்கிட்டே இருந்தேன், பேரன் பயந்து அவன் மொட்டையே வேணாம்னுட்டான். அப்புறம் அம்மாடி, எலி மருந்துன்னு சொல்லாதே. 1948ல எலிக்குன்னு வந்தது உண்மை, 1954லயே மனுஷனுக்கு அனுமதி குடுத்தாச்சு, அடுத்த வருஷம் ஹார்ட் அட்டாக் வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே குடுத்தாங்க. தம்பிகிட்ட சொல்லு.

கரூர் அக்கா:
எங்க வீட்டுக்காரருக்கும் கொட்டுச்சு, இப்ப பரவால்ல. நான் சொல்றதக் கேளு கண்ணு, தினம் காலைல முருங்கைக்கீரை சூப் ஒரு டம்ளர், கரிசலாங்கண்ணி தைலம், ராத்திரி ரெண்டு பல் பூண்டு பால்ல வேகவச்சு, அதோட மெடிக்கல்ல பயோட்டின் 10 மில்லிகிராம்னு கேட்டா தருவாங்க, சின்ன வெங்காயச் சாறு வாரம் ரெண்டு தடவ தேய்க்கணும், ஷாம்பு கூடவே கூடாது, சீயக்காய் தான், வெந்தயம் ஊறவச்சு அரைச்சு...

லேப் தம்பி:
அக்கா கோச்சுக்காதீங்க, ஆனா மெட்டல் வால்வு இருக்கிற பொண்ணுக்கு இதச் சொல்லலாமா? கீரைல வைட்டமின் கே இருக்கு, ரத்தம் உறைய உதவுறது அதுதான். எப்பவும் சாப்பிடுற அளவு சாப்பிட்டா பிரச்சனை இல்ல, திடீர்னு தினமும் குடிச்சா ஐஎன்ஆர் இறங்கிடும். எங்க மாமா இப்படித்தான் யாரோ சொன்னாங்கன்னு ஆரம்பிச்சார், ரிப்போர்ட்ல 1.6னு அடிச்சு வந்தப்ப அத அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பேப்பரக் கையில வச்சுட்டு நின்னேன், வால்வுல ரத்தம் உறைஞ்சா என்னாகும்னு அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பயோட்டின் தைராய்டு டெஸ்ட்டையே தப்பாக் காட்டும், ஹார்ட் அட்டாக்குக்குப் பாக்குற ட்ரோபோனினையும் கொறச்சுக் காட்டலாம். இன்னொண்ணு, மாத்திரைய மட்டும் குத்தம் சொல்ல முடியாது. பெரிய ஆபரேஷன் ஆனாலே முடியெல்லாம் ஓய்வுக்குப் போய் ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் கொட்டும், வேர் சாகாது, முளைக்கும். உடம்புல இரும்புச்சத்து எவ்வளவு சேந்திருக்குன்னு காட்டுற ஃபெரிட்டின், அப்புறம் தைராய்டு, ரெண்டும் பாருங்க. வார்ஃபரினுக்குப் பதிலா புது மாத்திரைக்கு மாத்தச் சொல்லி யாராவது வருவாங்க, மெட்டல் வால்வுக்கு அது ஆகாது, அதுல ஒண்ணான டாபிகாட்ரான் குடுத்துப் பாத்த ஆராய்ச்சிய பாதியிலயே நிறுத்திட்டாங்க.

கரூர் அக்கா:
நல்லதுக்குத்தான் சொன்னேன் தம்பி. எங்க வீட்டுக்காரர் தினமும் கீரை சாப்பிடுறவர் தான்.

லேப் தம்பி:
அதத்தான் நானும் சொல்றேன்க்கா, அவரு எப்பவுமே சாப்பிடுறவரு.

மாயவரத்துப் பொண்ணு:
சண்ட போடாதீங்க. ஃபெரிட்டின் பாத்துட்டேன், 9. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க. வாத்தியார் ஐயா, ஐசனோவர் கதைய தம்பிகிட்ட சொன்னேன், அவருக்கும் தல வழுக்கை தானேங்கிறான். அடுத்த மாசம் அக்கா பையனுக்குக் காதுகுத்து, சவுரி வச்சுக்கிட்டா ஹேர்பின் குத்தி ரத்தம் வருமா, யாராவது வச்சுப் பாத்திருக்கீங்களா?