ஜார்ஜியாவே ஜெயிக்கும் தொடரில் பார்க்க என்ன இருக்கிறது?

கேள்வி (வெண்புறா):
ஐரோப்பாவின் ஆறு முன்னணி அணிகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பியை மூன்று வருடமாக விடாமல் பார்க்கிறேன். அதற்கு அடுத்த படியில் ரக்பி யூரோப் சாம்பியன்ஷிப் என்று ஒன்று ஆண்டுதோறும் நடப்பது இப்போதுதான் தெரிந்தது. தேடிப் பார்த்தால் 2018 முதல் 2025 வரை எட்டு வருடமும் கோப்பை ஜார்ஜியாவுக்கே. இப்படி ஜெயிப்பவர்களை ஏன் மேலே ஏற்றவில்லை? முடிவு தெரிந்த தொடரை எதற்குப் பார்ப்பது?

பதில் (கல்தூண்):
மேலே ஏற வழியே கிடையாது நண்பரே. சிக்ஸ் நேஷன்ஸ் அந்த ஆறு சங்கங்களின் சொந்தத் தொடர். கடைசியில் வருபவர் இறங்குவது, கீழே ஜெயிப்பவர் ஏறுவது என்ற விதியே அதில் இல்லை. கடைசியாக இத்தாலியைச் சேர்த்தார்கள், அது 2000இல். அதே இத்தாலியை 2022 ஜூலையில் பதூமியில் 28-19 என்று ஜார்ஜியா வீழ்த்தியது. நவம்பரில் கார்டிஃப் போய், அந்த ஆறில் இன்னொன்றான வேல்ஸை 13-12. இதற்கு மேல் என்னதான் நிரூபிக்க வேண்டும்?

பதில் (குறிஞ்சி_திபிலிசி):
நான் இங்கே ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறேன். 2025 மார்ச்சில் ஸ்பெயினுடன் நடந்த இறுதிப் போட்டிக்குப் போயிருந்தேன், 46-28. பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். நான் பந்து போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தோளைத் தட்டி, “ஸ்க்ரம் வரும்போது பந்தை விடு, முதல் வரிசைக்காரன் காலைப் பார்” என்றார். ஸ்க்ரம் என்றால் இரண்டு அணிக்காரர்களும் கோத்து நின்று பந்துக்காக ஒருவரையொருவர் தள்ளுவது.

அடுத்த ஸ்க்ரமில் அப்படியே பார்த்தேன். நடுவர் “செட்” என்றதும் இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் மோதும் சத்தம் மேல் வரிசைவரை கேட்டது. ஜார்ஜிய வீரரின் பூட்ஸ் முள் புல்லில் இறங்கி நின்றது, கணுக்கால் அசையவில்லை. எதிரில் இருந்தவரின் கால் மட்டும் விரல்கடை விரல்கடையாகப் பின்னால் வழுக்கிக்கொண்டே போனது. பெனால்டி! மைதானம் முழுக்க எழுந்து நின்றது. பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுக்கும் ட்ரைக்குக்கூட அவ்வளவு சத்தம் இல்லை.

இது ஊறிப்போன விஷயம். ட்ரைக்கு ஜார்ஜிய மொழியில் ‘லெலோ’ என்றுதான் பெயர். லெலோ அவர்களுடைய பழைய கிராம விளையாட்டு. ஷுகுதி என்ற ஊரில் ஈஸ்டர் அன்று, கிட்டத்தட்ட 16 கிலோ பந்துக்காக ஊரே இரண்டாகப் பிரிந்து மல்லுக்கட்டும். ஜெயித்த பக்கம் அந்தப் பந்தை இறந்துபோன ஒருவரின் கல்லறையில் கொண்டுபோய் வைக்கும்.

பதில் (நெடுந்தூரன்):
கோப்பையை மட்டும் பார்த்தால் தொடர் புரியாது. உயிர் போகிற சண்டை உலகக்கோப்பை இடத்துக்குத்தான். ஸ்பெயினை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்தை ஜெயித்தால் போதும், உலகக்கோப்பையில் இடம். 10-18 என்று தோற்றார்கள். அவர்கள் தோற்றால் போவது ருமேனியா, அன்றைய நடுவரும் ருமேனியர்! ஆட்டம் முடிந்ததும் ஸ்பெயின் வீரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கடைசியில், தகுதியில்லாத வீரர்களை ஆடவைத்ததாக இந்த மூன்று நாடுகளுக்கும் புள்ளி வெட்டு விழுந்து, ரஷ்யா போனது. 2022இல் ஸ்பெயின் அடுத்த உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஒரு வீரரின் பாஸ்போர்ட் விவகாரத்தில் அதுவும் பறிபோனது.

2025இல் அரையிறுதிக்கு வந்த நால்வருக்கும் 2027 உலகக்கோப்பையில் நேரடி இடம். ஸ்பெயின் அதில் ஒன்று. 1999க்குப் பிறகு இப்போதுதான். எனக்கு அந்த நாள் கோப்பை ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

போர்ச்சுகலையும் விட்டுவிடாதீர்கள். 2023 உலகக்கோப்பையில் துலூஸில் ஃபிஜியை 24-23 என்று சாய்த்தவர்கள் இந்தத் தொடரில் வளர்ந்தவர்கள்தான்.

வெண்புறா:
சரி, மனம் மாறிவிட்டது. எந்த ஆட்டத்தில் தொடங்கட்டும்?

குறிஞ்சி_திபிலிசி:
ஜார்ஜியா – ருமேனியா. அந்திம் கோப்பை என்று அதற்குத் தனிக் கோப்பையே உண்டு. ஜார்ஜியாவில் பிறந்து ருமேனிய மண்ணில் பேராயராக இருந்தவரின் பெயர். முதல் ஸ்க்ரமில் காலைப் பாருங்கள்.