குடும்பக் குழுவில் கென்னத் கவுண்டா

*ஞாயிறு, காலை 7:40*

அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) “ஆப்பிரிக்காவின் காந்தி கென்னத் கவுண்டா! காந்தியைப் படித்துவிட்டு அசைவத்தையே விட்டவர். தேர்தலில் தோற்றதும் சிரித்த முகத்தோடு நாற்காலியை விட்டு இறங்கியவர். இப்படி ஒரு தலைவர் இனி பிறப்பாரா? பத்துப் பேருக்காவது பகிருங்கள் 🙏”

அத்தை: பெரிய அண்ணா, நீங்கள் வேலை பார்த்த நாடுதானே? ஜாம்பியா?

கார்த்தி: அம்மா, அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி அவர். 27 வருடம் உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்கினார். 1964 முதல் 1991 வரை. அதில் 18 வருடம் நாட்டில் வேறு கட்சியே கிடையாது.

அப்பா: வேறு கட்சி இல்லாமல் தேர்தல் எப்படி நடக்கும்?

கார்த்தி: ஜனாதிபதி பதவிக்கு ஒரே பெயர்தான் மாமா. வேண்டும் அல்லது வேண்டாம். அவ்வளவுதான்.

அப்பா: எங்கள் அபார்ட்மெண்ட் செயலாளர் தேர்தல் மாதிரி என்று சொல் 😀

பெரியப்பா: காலங்காத்தாலே கவுண்டாவா! இருங்கள், கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

*காலை 8:15*

பெரியப்பா: முதலில் அந்த அசைவ விஷயம். காந்தி மேல் அவருக்குப் பெரிய மரியாதை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இறைச்சியை விட்டதற்குக் காரணம் கறிக்கடை. ஐம்பதுகளில் அந்த நாடு வடக்கு ரொடீசியா, பிரிட்டிஷ்காரன் ஆட்சி. கறுப்பர்கள் கறிக்கடைக்குள் கால் வைக்கக் கூடாது. சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதன் வழியே காசை நீட்டினால் உள்ளே இருப்பவன் ஒரு பொட்டலத்தைத் தள்ளுவான். நல்ல கறியா, கெட்டதா என்று பார்த்து வாங்க வழியில்லை. அதை எதிர்த்துக் கடைகளைப் புறக்கணித்தார்கள். அப்போது விட்டவர்தான்.

நான்: இது எனக்குத் தெரியாது பெரியப்பா. இதை யாரும் பகிர்வதில்லையே.

பெரியப்பா: அவரும் என்னைப் போல் வாத்தியார்தான். அம்மாவும் டீச்சர். அப்பா மலாவியிலிருந்து வந்த மதபோதகர். அந்த மலாவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். சுதந்திரம் வந்தபோது நாட்டில் பட்டதாரிகள் ஒரு நூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். பள்ளிக்கூடங்களைக் கட்டிக்கொண்டே போனார், பாடம் நடத்த ஆள் இல்லை. அதனால்தான் கிட்வே என்ற செம்புச் சுரங்க நகரில் எனக்கு வேலை கிடைத்தது, உங்கள் பாட்டி கடனும் அடைந்தது.

கார்த்தி: சரி பெரிய மாமா, கப்வெப்வே கதையையும் சொல்லுங்கள்.

பெரியப்பா: படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய். சைமன் கப்வெப்வே அவருக்குச் சின்ன வயதுச் சிநேகிதர், இருவருக்கும் ஒரே ஊர், சின்சாலி பக்கம். போராட்டத்தில் கூடவே நின்றார், துணை ஜனாதிபதியாகவும் இருந்தார். 1971இல் பிரிந்து தனிக்கட்சி தொடங்கினார். சில மாதத்தில் கட்சிக்குத் தடை, ஆளுக்குச் சிறை. 1972 கடைசியிலேயே ஒரே கட்சிச் சட்டம் வந்துவிட்டது. 1978இல் கப்வெப்வே உள்கட்சியிலாவது போட்டியிடலாம் என்று வந்தபோது விதியையே மாற்றி அடைத்தார்கள். இதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

அத்தை: அப்படியானால் நல்லவர் இல்லையா?

பெரியப்பா: அவசரப்படாதே. தெற்கே ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே), அதற்குக் கீழே தென்னாப்பிரிக்கா, இரண்டும் வெள்ளையர் அரசு. ஜாம்பியாவுக்குக் கடல் கிடையாது. செம்பை வெளியே அனுப்பும் ரயில் பெரும்பாலும் ரொடீசியா வழியாகத்தான் போக வேண்டும். அப்படி இருந்தும் மண்டேலாவின் கட்சிக்குத் தலைநகர் லுசாகாவில் தலைமையகம் கொடுத்தார். அடியும் வாங்கினார், ரொடீசியப் படை உள்ளே வந்து குண்டு போட்டது. இதற்கிடையில் எழுபதுகளில் சீனாக்காரன் தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் வரை 1,860 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டுக் கொடுத்தான். பாதை முடிகிற 1975 வாக்கில் செம்பு விலை தலைகுப்புற விழுந்தது. ஏற்றுமதிக் காசில் பத்தில் ஒன்பது பங்கு செம்புதான்! சுரங்கங்களில் 51 சதவீதத்தை அரசே எடுத்திருந்ததால் நஷ்டமும் அரசுக்கே.

பெரியம்மா: இவர் செம்பு விலை சொல்வார். வரிசையில் நின்றது நான். சர்க்கரை, எண்ணெய், சோப்பு. கூட்டத்தைப் பார்த்தால் என்ன விற்கிறான் என்று கேட்காமலே நின்றுவிடுவோம். ஒரு முறை ஒரு மணி நேரம் நின்று கடைசியில் கிடைத்தது மெழுகுவர்த்தி.

அப்பா: 😂😂

பெரியம்மா: சிரிக்காதீர்கள் தம்பி. 1986 டிசம்பரில் சோள மாவு விலையை ஒரேயடியாக இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றினார்கள். நமக்கு அரிசி மாதிரி அவர்களுக்கு அந்த மாவு. கிட்வேயில் கடைகளை உடைத்து மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். ஊரடங்கு போட்டார்கள், நாங்கள் ஜன்னல் திரையைக்கூட விலக்கவில்லை. அப்புறம் கவுண்டாவே விலையைப் பழையபடி குறைத்தார்.

பெரியப்பா: அதே மாதம்தான் அவர் மகன் எய்ட்ஸில் இறந்தான். மறு வருடம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அதை வெளிப்படையாகச் சொன்னார். அந்த நோயின் பெயரை ஆப்பிரிக்காவில் பெரும்பாலான தலைவர்கள் வாயில் எடுக்காத காலம். அவர் செய்ததில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது அதுதான்.

நான்: பதவியை விட்டதைவிடவா?

பெரியப்பா: ஆமாம். பதவியை ஜனங்கள் விட வைத்தார்கள். 1990 ஜூனில் மறுபடி மாவு விலைக் கலவரம். அடுத்த சில நாளில் ஒரு ராணுவ அதிகாரி வானொலியில் ஆட்சியைப் பிடித்துவிட்டேன் என்றான். சில மணி நேரத்தில் அவனைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஜனங்கள் தெருவில் ஆடிவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம், பக்கத்து நாடுகளில் இருந்தார்கள். இவர் பல கட்சி முறைக்குச் சம்மதித்து, தேர்தலையும் முன்னதாகவே வைத்தார். எதிர்த்து நின்ற சிலுபாவுக்கு 76 சதவீதம், இவருக்கு 24. அந்தச் சிலுபா தொழிற்சங்கத் தலைவர், 1981இல் இவரே உள்ளே தள்ளியவர்! வாக்குப்பதிவு அக்டோபர் 31. நவம்பர் 2 அன்று புது ஜனாதிபதி பதவியேற்றார்.

கார்த்தி: அது பெரிய விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிலுபா திருப்பிக் கொடுத்தாரே.

பெரியப்பா: வட்டியோடு. பெற்றோர் இருவரும் ஜாம்பியராக இருந்தால்தான் ஜனாதிபதி ஆகலாம் என்று 1996இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த மலாவி அப்பா இங்கேதான் வருகிறார். மறு வருடம் கிறிஸ்துமஸ் அன்று ஆட்சிக்கவிழ்ப்பு வழக்கில் கவுண்டா கைது. தான்சானியாவின் முன்னாள் ஜனாதிபதி நைரேரே நேரில் வந்து பேசித்தான் வீட்டுக்காவலுக்கு மாற்றினார்கள். 1999இல் ஒரு நீதிமன்றம் அவர் ஜாம்பியக் குடிமகனே இல்லை என்று தீர்ப்பு எழுதியது.

அத்தை: 27 வருடம் ஆண்டவரையா?!

பெரியப்பா: அவரையேதான். 2000இல் உச்ச நீதிமன்றம் சரிசெய்தது. 2021 ஜூனில் 97 வயதில் இறந்தபோது 21 நாள் துக்கம். மனைவி பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை என்று குடும்பம் நீதிமன்றம் போனது. அரசு கேட்கவில்லை, ஜனாதிபதிகளுக்கான இடத்தில்தான் அடக்கம்.

பெரியம்மா: அந்த அம்மாவை யார் கேட்டார்கள்.

கார்த்தி: பெரிய மாமா, அந்த ராணுவ அதிகாரி என்ன ஆனான்?

பெரியப்பா: கவுண்டா மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டுவிட்டார். மீதி சாயந்திரம். போனில் சார்ஜ் 4 சதவீதம்தான் இருக்கிறது.