ராஜராஜன் காசா, இலங்கைக் காசா? எப்படிப் பிரிப்பது?

கேள்வி:
வணக்கம். ராமநாதபுரத்தில் எங்கள் பாட்டியின் தகரப்பெட்டியில் ஒரு பழைய செம்புக்காசு கிடைத்தது. ஒரு பக்கம் குச்சி குச்சியான கைகால்களோடு ஒருவர் நிற்கிறார். மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார், அவர் கைக்குக் கீழே நாகரி எழுத்து (இந்தி எழுத்து போன்றது). எடை 3.9 கிராம். ஒரு கடைக்காரர் ராஜராஜ சோழன் காசு என்கிறார். நண்பர் ஒருவர் இலங்கைக் காசு என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது? புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெளியுமா?

பதில் 1:
தம்பி, புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். அமிலம் பட்டால் மேலே படிந்த களிம்போடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவையுங்கள். தண்ணீரை அவ்வப்போது மாற்றுங்கள். மண் இளகியதும் மூங்கில் குச்சியால் மெதுவாகத் தள்ளினால் போதும்.

உருவத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. இலங்கையின் பொலன்னறுவையைச் சோழர்கள் ஆண்டார்கள். 1070 வாக்கில் சிங்கள அரசர் முதலாம் விஜயபாகு அதை மீட்டார். ஆனால் நிற்கும் அரசர், அமர்ந்த அரசர் என்ற அதே அமைப்பு இலங்கைக் காசுகளில் தொடர்ந்தது. பின்னால் அங்கே ஆண்ட பராக்கிரமபாகு, லீலாவதி, சாகசமல்லன் எல்லாருடைய காசும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். எடையும் உதவாது. எழுத்து ஒன்றுதான் வழி.

கேட்டவர்:
நன்றி ஐயா. ஊறவைத்த பிறகு மேலே 'ஸ்ரீ ராஜ' வரை படிக்க முடிகிறது. அப்படியானால் ராஜராஜன்தானே?

பதில் 2:
அவசரப்படாதீர்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். லீலாவதி காசும் 'ஸ்ரீ ராஜ' என்றுதான் தொடங்கும். முழு வாசகம் 'ஸ்ரீ ராஜ லீலாவதி'. ராஜராஜன் காசில் 'ராஜ' இரண்டு முறை வரும். அதனால் கீழ்ப்பாதியைப் பாருங்கள். நாகரி 'வ'வில் நிற்கும் கோட்டின் இடப்பக்கம் ஒரு சிறு மூடிய வளையம் ஒட்டியிருக்கும். 'ஜ'வில் அது கிடையாது. 'லீ' இருந்தால் எழுத்துக்குப் பின்னால் ஒரு நெட்டுக்கோடு, அதன் தலையில் வளைவு. விளக்கை நேரே மேலே வைக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படம் எடுங்கள், தேய்ந்த கோடும் நிழலாகத் தெரியும்.

பதில் 3:
உங்கள் பக்கத்தில் சேதுக் காசும் கிடைக்கும். அது யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளுடையது. படுத்த காளைக்குக் கீழே 'சேது' என்று தமிழிலேயே இருக்கும். உங்களுடையதில் நாகரி என்பதால் அதை விட்டுவிடலாம்.

கேட்டவர்:
பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தேன். கடைசி வரியில் வளையம் தெளிவாக இருக்கிறது. அதற்கு மேலே தலை வளைந்த நெட்டுக்கோடும் தெரிகிறது.

பதில் 2:
அப்படியென்றால் லீலாவதிதான். முதலாம் பராக்கிரமபாகுவின் அரசி, 1197 தொடங்கி மூன்று முறை பொலன்னறுவை அரியணையில் இருந்தவர். ராஜராஜன் இல்லையே என்று வருந்தாதீர்கள். ஓர் அரசி தன் பெயரிலேயே வெளியிட்ட காசு எத்தனை பேர் கையில் இருக்கும்! காகித உறையில் போட்டு, எடையையும் கிடைத்த இடத்தையும் உறைமேல் எழுதிவையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் தங்கிச் செம்பு பச்சை பூக்கும்.