தாத்தான்ர பழைய கோல்ஃப் கம்புகள்: ஓன்லைன்ல விக்கலாமோ, இரும்புக் கடைக்கோ?

பாரதிபுரம் பெடியன்:
வணக்கம் உறவுகளே, சிரிக்காமல் வாசியுங்கோ. எங்கட தாத்தா நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில துரைமாருக்குப் பை தூக்கினவர், கெடி எண்டு சொல்லுவினம். 77 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் கிளிநொச்சிக்கு வந்திட்டுது, அத்தை மட்டும் அங்கயே கலியாணம் கட்டி நிண்டிட்டா. சித்திரை லீவுக்குப் போகேக்க அட்டாளையில இருந்து ஒரு உரச் சாக்கை இழுத்துப் போட்டு, உங்க தாத்தா சாமான், கொண்டு போறதுன்னா கொண்டு போ, இல்லாட்டி அடுப்புல வச்சிருவேன் எண்டா. உள்ளுக்க 5 கம்பு, ஒரு துரை ஊருக்குத் திரும்பிப் போகேக்க குடுத்ததாம். பஸ்ஸில ஏத்தேக்க கொண்டக்டர், கம்பால பந்தடிக்கிற எல்லே விளையாடப் போறியளோ எண்டு கேட்டவன்.

மூண்டுக்கு இரும்புத் தலை, ஒண்டுக்கு மரத்தலை, மற்றது குழிக்குள்ள தட்டி விடுறதுக்குப் பாவிக்கிறது, பித்தளை போல கிடக்கு. இரும்பில ஒண்டு தட்டகப்பை மாதிரி வட்டம், அதால எங்கட வீட்டுச் சின்னனுகள் விளாங்காய் அடிச்சு விளையாடுதுகள். பிடியெல்லாம் மரம், மரத்தலைக் கம்பு மட்டும் கொஞ்சம் மஞ்சளாக் கிடக்கு. இபேயில உப்பிடியான சாமான் கன விலைக்குப் போகுது எண்டு வீடியோ ஒண்டில பாத்தனான், உண்மையோ? கறள் பிடிச்சிருக்கெண்டு ஒண்டைக் கிரைண்டருக்கு வயர் பிரஸ் போட்டு மினுக்கிப் போட்டன், இப்ப வெள்ளி மாதிரிக் கிடக்கு. மற்றதுகளையும் செய்யட்டோ?

வவுனியா பழையிரும்பு:
தம்பி, நிறுவைக்கு எண்டா எல்லாம் சேர்த்து ரெண்டு கிலோ தேறாது, மரத்தைக் கழிச்சா அதிலும் பாதி. பித்தளை ஒண்டுதான் உருப்படி. என்னட்டக் கொண்டு வராதை, தேத்தண்ணிக் காசும் வராது. முதல்ல பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்டு எடுத்து எல்லாத்திலையும் வைச்சுப் பார், பித்தளை போலக் கிடக்கெண்டதில ஒட்டினா அது முலாம்.

ஸ்காபரோ முல்லை:
ஐயோ தம்பி கிரைண்டரைக் கீழ வை!!! உதைத்தான் எல்லாரும் செய்யினம், நானும் முதல் வருசம் செய்தனான்.

நான் இஞ்ச ஆறேழு வருசமா பழைய சாமான் கடையளில கோல்ஃப் கம்பு பொறுக்கி ஓன்லைன்ல விக்கிறனான், பெரிசா ஒண்டும் இல்லை, வீட்டுச் சிலவில ஒரு பங்கு வரும். பழைய கம்பை வாங்கிறவன் மினுக்கத்துக்கு வாங்கிறேல்லை, தலைக்குப் பின்பக்கம் குத்தியிருக்கிற முத்திரைக்குத்தான் வாங்கிறவன். ஸ்கொட்லாந்தில சென் அன்றூஸில ரொம் ஸ்ரூவர்ட் எண்டு ஒரு கொல்லர், அவற்ற முத்திரை சின்னச் சுங்கான், வயசு போன ஆக்கள் வாயில வைச்சிருக்கிறதே, அதுதான். வயர் பிரஸ் போட்டா முதல்ல போறது உது. நீ மினுக்கினதை வெயிலில சரிச்சுப் பிடிச்சுப் பார், ஏதும் நிழல் மாதிரித் தெரியுதோ எண்டு.

பிடி ஹிக்கரி மரமா இருக்கும். 1929 ல தான் கோல்ஃபுக்குச் சட்டம் போடுற சென் அன்றூஸ்க்காரர் இரும்புப் பிடிக்கு ஓம் எண்டவை, அதுக்குப் பிறகு கொஞ்ச வருசத்தில மரப்பிடி செய்யிறதை விட்டிட்டாங்கள். ஆனா ஒரு சுழியன் வேலை இருக்கு, அந்த 30 களில இரும்புப் பிடிக்கு மஞ்சளும் மண்ணிறமுமாப் பூச்சுப் பூசி மரம் மாதிரிக் காட்டி வித்தவங்கள், ஆக்கள் இரும்பைக் கண்டா வெருளுவினம் எண்டு. உன்ர மஞ்சள் கம்பில எனக்குச் சமுசயம், அண்ணை சொன்ன காந்தத்தை அதின்ர பிடியிலயும் வை.

வட்டத்தலைக்குப் பேர் நிப்ளிக், மணல் குழிக்குள்ள இருந்து கிளப்ப. அடிக்கிற முகத்தில கோடு, புள்ளி ஒண்டும் இல்லாமல் மொட்டையா இருந்தா பெரும்பாலும் 1900 ஐ ஒட்டினது, அதுக்கு மவுசு கூட. விலையைப் பாக்கேக்க கேக்கிற விலையைப் பாக்காதை, 500 எண்டு போட்டிட்டு நாலு வருசமாக் காத்திருக்கிறவன் இருக்கிறான். இபேயில வித்து முடிஞ்சதை மட்டும் காட்டு எண்டு ஒரு தெரிவு இருக்கு, அதை அமத்திப் பார். முத்திரை இல்லாத சாதாரண ஹிக்கரி 20, 30 டொலருக்கு மேல போறது குறைவு.

கேள்விக்கு வெளியால ஒண்டு, 1982 இல பிங் ஐ-2 எண்டு வந்த இரும்புத்தலைக் கம்புகளில செம்பு நிறத்தில ஒரு வகை இருக்கு, பெரிலியம் கலந்த செம்பு. எப்பவாவது உங்க ஆரிட்டையும் கிடைச்சா அதைக் கிரைண்டரில பிடிக்காதை, அந்தத் தூள் நெஞ்சுக்குக் கேடு.

பாரதிபுரம் பெடியன்:
அக்கா நெஞ்சு பக்கெண்டுது. வெயிலில பிடிச்சுப் பாத்தன், சுங்கான் மாதிரி இல்லை, ஏதோ எழுத்தின்ர வால் மட்டும் தெரியுது. போச்சு. மற்ற ரெண்டையும் எப்பிடித் துடைக்கிறது? இன்னொண்டு, வந்து ரெண்டு கிழமையில நிப்ளிக்கின்ர தலை ஆடத் தொடங்கிட்டுது, அங்க ஆடேல்லை.

மாங்குளம் தச்சன்:
உது எங்கட வெக்கை தம்பி. நுவரெலியாக் குளிரில எத்தினை வருசமோ இருந்த மரம், நீ கொண்டு வந்து தகரக் கூரைக்குக் கீழ வைச்சிருப்பாய். காஞ்சு சுருங்கினா தலைக்குள்ள இருக்கிற மரம் மெலியும், குறுக்கால அடிச்ச ஆணிதான் பிறகு பிடிச்சுக் கொண்டிருக்கும். தண்ணிக்குள்ள ஊறப் போடாதை, அண்டைக்கு இறுகும் பிறகு முந்தினதை விட ஆடும். பசை, எப்பொக்சி ஒண்டும் வேண்டாம். கிரிக்கெட் பற்றுக்குப் பூசுற லின்சீட் ஒயிலைத் துணியில தொட்டு மெல்லிசா, நாளைக்கு ஒருக்கா ஒரு கிழமை பூசு. சாமி அறை போல வெக்கை இல்லாத இடத்தில படுக்கையா வை, சுவரில சாத்தாதை, கறையான் ஏறினா ஒரு மழைக்குள்ள பிடி கோதாயிடும். பெடியளிட்ட இருந்து பறி, விளாங்காய் அடிச்சது காணும்.

இரும்புக்கு மண்ணெண்ணெயும் பழந்துணியும். கறுப்பு நிறம் இருக்கட்டும், சிவப்புக் கறள் மட்டும் போனாப் போதும்.

ஒட்டுசுட்டான் கூரியர்:
எல்லாரும் சாமானைப் பத்திக் கதைக்கிறியள், அனுப்பிற சிலவை ஒருத்தரும் கதைக்கேல்லை. நான் பனையோலைச் சாமான் வெளிநாட்டுக்கு அனுப்புறனான், நீட்டுச் சாமானில அடிபட்டனான்.

தபால் கந்தோரில சின்னப் பொதி எண்டு போடேலாது, அதுக்கு 60 சென்ரிமீற்றருக்கு மேல நீளம் விடமாட்டினம், உன்ர கம்பு ஒரு மீற்றருக்குக் கிட்ட வரும். கூரியர்காரன் நிறையையும் பாப்பான், பெட்டியின்ர அளவையும் பாப்பான், நீளம் அகலம் உயரத்தைச் சென்ரிமீற்றரில பெருக்கி 5000 ஆல பிரிச்சா வாற கிலோ, எது கூடவோ அதுக்குத்தான் காசு. ஒரு கம்பு அரைக் கிலோவும் இல்லை, ஆனா 105 க்கு 12 க்கு 12 பெட்டி எண்டா 3 கிலோ. மூண்டைத் தலை மாறித் தலை கட்டினா 105 க்கு 16 க்கு 14, அஞ்சு கிலோவுக்குள்ள நிக்கும். அதால தனித்தனியா விக்காதை, ஒரு தொகுதியாப் போடு. 20 டொலர்ச் சாமானுக்கு அதை விடக் கூரியர் காசு எண்டா ஆர் வாங்குவான்?

காசு பேயோனியர் எண்ட ஓன்லைன் காசுக் கணக்குக்கு வந்துதான் வங்கிக்குப் போகும், புதுக் கணக்கெண்டா சாமான் போய்ச் சேருமட்டும் பிடிச்சு வைப்பாங்கள். இபே 13 வீதம் மட்டில கழிக்கும், கூரியர் காசுக்கும் சேர்த்துத்தான் கழிக்கிறவன், அதை முதலே கூட்டிப் போடு. அமெரிக்காவுக்கு 800 டொலருக்குக் கீழ வரியில்லை எண்டிருந்தது 2025 ஆவணியோட முடிஞ்சுது, வாங்கிறவனுக்கு அதை எழுதிப் போடு, பிறகு உன்னோட சண்டை பிடிப்பான்.

ஸ்காபரோ முல்லை:
அவர் சொல்லுறது சரி. நான் உன்ர இடத்தில எண்டா மொட்டை முகம் உள்ளது ஏதும் இருந்தா அதை மட்டும் வெளியால விப்பன், மற்றதை நுவரெலியாவில கேட்டுப் பாப்பன். அந்தக் கிளப் 1889 இல தொடங்கினது, பழசில ஆசை உள்ள ஆக்கள் அங்கால இருப்பினம், கூரியரும் இல்லை வரியும் இல்லை. தாத்தா அங்க வேலை செய்தவர் எண்டதையும் சொல்லு, பழைய படம் ஒண்டு இருந்தா இன்னும் நல்லம்.

பாரதிபுரம் பெடியன்:
காந்தம் வைச்சன். மஞ்சள் பிடியில டக் எண்டு ஒட்டிட்டுது, இரும்பு! பித்தளையில ஒட்டேல்லை. மினுக்காத ரெண்டில நிப்ளிக்குக்குப் புள்ளி புள்ளியா இருக்கு, மற்றது மொட்டை, பின்னால மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வட்டமா ஒரு முத்திரை எழும்புது, என்னெண்டு விளங்கேல்லை. தாத்தான்ர படம் அத்தையிட்டக் கேட்டிருக்கு. இப்ப இஞ்ச கரண்ட் இல்லை, நாளைக்கு வெளிச்சத்தில போட்டோ எடுத்துப் போடுறன் அக்கா, பாத்துச் சொல்லுங்கோ.