ஏலியாஸ்: 'குறுக்குப்பெயர்' வேண்டாம், 'மாற்றுப்பெயர்' போதும்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்தான் ஷெல். அதில் ஒரு கட்டளைக்கு நாமே வைத்துக்கொள்ளும் பெயர் ஏலியாஸ் (alias). இதற்குத் தமிழில் 'குறுக்குப்பெயர்' என்று வைக்கலாம் என்ற பரிந்துரைக்கு ஆதரவு கூடி வருகிறது. எனக்கு உடன்பாடில்லை. சொல் அழகாக இருக்கிறது, ஆனால் பொருளில் பாதியை விட்டுவிடுகிறது.

உபுண்டு லினக்ஸில் புதுக் கணக்கு தொடங்கியதும் கிடைக்கிற, ஷெல்லின் அமைப்புகள் உள்ள பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் 'எல்எல்' (ll) என்று ஓர் ஏலியாஸ் இருக்கும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையையும் அதன் மூன்று விருப்பங்களையும் (options) சேர்த்து அடிக்கிற வேலை மிச்சம். சரி, இது குறுக்கம்தான். அதற்குச் சற்று மேலேயே எல்எஸ் என்ற பெயருக்கே ஓர் ஏலியாஸ் இருக்கிறது. எல்எஸ் என்று அடித்தால் வண்ணத்தோடு காட்டும் எல்எஸ் ஓடும். இங்கே பெயர் எங்கே குறுகியது? அழிக்கும் முன் ஒரு முறை கேட்கட்டும் என்று, கோப்பை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளைக்குப் பலர் வைத்துக்கொள்வதும் இப்படித்தான். அங்கே நோக்கமே பாதுகாப்பு.

ஷெல் உண்மையில் என்ன செய்கிறது? கட்டளையின் முதல் சொல்லைப் பார்க்கிறது. அது ஏலியாஸ் பட்டியலில் இருந்தால் அந்த இடத்தில் உரிய உரையை வைக்கிறது. அப்புறம்தான் ஓட்டுகிறது. 1970களின் பிற்பகுதியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல் காலத்திலிருந்து அடிப்படை இதுதான்: ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று. நீளமா குட்டையா என்பது பயன்படுத்துபவர் விருப்பம்.

மற்ற சொற்களும் பொருந்தவில்லை. 'குறுக்குவழி' ஏற்கெனவே திரைமுகப்புச் சின்னங்களுக்குப் போய்விட்டது. 'மறுபெயர்' என்றால் கோப்பின் பெயரை மாற்றும் வேலை நினைவுக்கு வரும். அதில் பழைய பெயர் போய்விடும். ஏலியாஸில் போகாது. எல்எஸ்ஸுக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு (\) போட்டால் ஏலியாஸைத் தாண்டி மூலக் கட்டளையே ஓடும்.

'மாற்றுப்பெயர்' என்பதிலும் அதே குழப்பம் வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். வராது என்றே நினைக்கிறேன். மாற்றுச்சாவி செய்துகொண்டவர் பழைய சாவியைத் தூக்கி எறிவதில்லையே! பேச்சு வழக்கே இந்தப் பொருளைக் காப்பாற்றித் தருகிறது.

ஏலியாஸ் வைப்பது 'மாற்றுப்பெயர் இடு', எடுப்பது 'மாற்றுப்பெயர் நீக்கு' என்று இருக்கலாம். 'இடு'வா 'சூட்டு'வா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. கையேடுகளை மொழிபெயர்ப்பவர்கள் சொல்லுங்கள், அதன்படியே வைத்துக்கொள்ளலாம்.